பலகை கழற்றவிடாத மேசன்

கல்லாற்றுப் பாலத்தின் நடுப்பகுதிக்கு வந்தபோதுதான் என் தோள்பை சத்தம் போடுவதைக் கவனித்தேன். ஓர் அடிக்கு ஒரு 'டிங்'. வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக அடித்தது. கீழே இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை எறிந்துகொண்டிருந்த ஒருவர் தலை நிமிர்ந்து பார்த்தார். கோயில் மணியைக் கழற்றிக்கொண்டு போகிறான் என்று நினைத்திருப்பார். பாதி சரி.

பைக்குள் உடுக்க ஒரு சாரம், இரண்டு சேட், சாந்துக் கரண்டி. அவற்றுக்கு நடுவில், மாதா கோயிலின் கண்ணாடி அலுமாரியிலிருந்து அரை மணித்தியாலத்துக்கு முன் நான் எடுத்த ஒரு சோடிக் குழந்தைச் சப்பாத்து. ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவு. இரண்டையும் ஓர் இரும்புக் கம்பி சேர்த்துப் பிடித்திருந்தது. நுனிகள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி, கோபித்துக்கொண்ட புருசன் பெண்சாதி போல நின்றன. கரண்டி அந்தக் கம்பியில் பட்டுத்தான் அந்தச் சத்தம்.

பஸ்ஸில் போயிருக்கலாம். அந்த றோட்டில் ஓடும் பஸ்ஸில் ஒவ்வொரு சீற்றிலும் ஒருவர் என்னை அறிந்தவராக இருப்பார். பைக்குள் என்ன என்று கேட்காமல் இறங்கமாட்டார். ஆகவே களுதாவளைக்கு நடந்தேன். கோயில் எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லமாட்டேன். திருடியவன் விலாசத்தையும் சேர்த்துக் கொடுப்பதில்லை. பெரியகல்லாற்றுப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் ஒரு மேசனால் வந்தது. அவரிடம் ஒன்றரை வருடம் கையாளாக நின்றேன். என்னுடைய சரித்திரத்தில் அது பெரிய சாதனை. நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது கடல் வந்தது. பள்ளிக்கூடம் முகாமாகியது. முகாம் திரும்பவும் பள்ளிக்கூடமானபோது நான் செங்கலடியில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். பிறகு இறால் பண்ணை, மணல் லொறி, கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினி. எங்கும் மூன்று மாதத்துக்கு மேல் நின்றதில்லை. விலகுவதற்குக் காரணம் தேடியதுமில்லை.

மேசன் குட்டையான மனிதர். மழை நாளிலும் தோளில் துவாய் இருக்கும், சேட்டுப் பையில் சோக்குத் துண்டு இருக்கும், வாயில் ஓர் எண் இருக்கும். இருபத்தொன்று. கூரைக்குக் கொங்கிரீட் தட்டு போட்டால் இருபத்தொரு நாளைக்கு, அது இறுகும்வரை தாங்கும் அடிப்பலகையைத் தொடவிடமாட்டார். மற்ற மேசன்மார் பத்து நாளில் கழற்றி, அதே பலகையை அடுத்த வீட்டில் அடித்துவிடுவார்கள். அந்த வீடுகள் எதுவும் விழுந்ததாக நான் கேள்விப்படவில்லை. அதை அவரிடம் சொன்னால், "விழயில்ல எண்டு நீ சொல்லுறாய். விழ யோசிக்கிது எண்டு நான் சொல்லுறன்" என்பார். முட்டுக்கொடுத்த முதல் மரத்தில் சோக்கால் நாளை எழுதி, தினமும் விடியக்காலையில் வந்து அழித்து அடுத்த எண்ணைப் போடுவார். அதைத் தவிர வேறு எதையும் அவர் எழுதி நான் பார்த்ததில்லை.

நாள் என்றால் அவர் வாயால் வந்த நாள்தான் நாள். ஒருமுறை மார்கழி மாதம், ஒரு வீட்டுக்கு அத்திவாரக் கல் வைக்க இன்ன நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த நாளில் ஆறு பெருகி றோட்டைக் காணவில்லை. வீட்டுக்காரர் குடும்பத்தோடு பள்ளிக்கூடத்தில் போய் இருந்தார். மேசன் நெஞ்சளவு தண்ணீரில் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மூலை இருக்கும் இடத்தைக் காலால் தடவிக் கண்டுபிடித்து, மூச்சை அடக்கித் தண்ணீருக்குள் ஒரு கல்லை வைத்துவிட்டு எழுந்தார். "சொன்ன நாள் முடிஞ்சிது" என்றார். வெள்ளம் வடிந்த பிறகு அந்தக் கல்லை யாரும் காணவில்லை.

அடுத்தவர் வாயால் வந்த நாளுக்கு இந்த மரியாதை கிடையாது. நெஞ்சுச் சளிக்கு டொக்டர் ஏழு நாள் மருந்து கொடுத்தால் மூன்றாம் நாள் விழுங்குவதை நிறுத்திவிடுவார். "காணும். சுகமாயிட்டு." மீதிக் குளிசைகளைச் சுவரில் செருகிவைப்பார். அவருடைய மனைவி மெலிந்தவர். குரல் மட்டும் மெலியவில்லை. அவர்தான் இதைச் சரியாகச் சொன்னார்: "இவர்ர நாள் எண்டா நாள். ஊரார்ர நாள் எண்டா வெறும் கலண்டர் கடுதாசி."

நான் வேலைக்குச் சேர்ந்த சில நாட்களில் அவர்களுக்கு முதல் பிள்ளை பிறந்தது. பெண். வலது பாதம் உள்ளே மடிந்து, உள்ளங்கால் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்தார்கள். கிரகண நேரத்தில் தாய் வெளியே வந்திருப்பாள். அரிவாளைக் காலுக்குக் கீழே வைத்திருப்பாள். மேசனின் பாவம் என்று சொல்ல மட்டும் யாருக்கும் தைரியம் இல்லை. பாதிப் பேரின் வீட்டில் வேலை முடியாமல் கிடந்தது.

மேசன் யாரோடும் பேசாமல் மாதா கோயிலுக்குப் போனார். பூசை முடிந்து சனம் வெளியேறும் நேரத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி நேர்த்தி வைத்தார்: பிள்ளையின் கால் நேராகினால், வருகிற திருநாளுக்கு அந்தக் காலில் கட்டியிருப்பதைக் கழற்றிக் கொண்டுவந்து மாதாவின் காலடியில் வைப்பேன். அந்த ஊரில் அது வழக்கம்தான். அலுமாரிக்குள் வெள்ளிக் கண்கள், வெள்ளிக் கைகள், ஊன்றுகோல்கள், யாரோ ஒருவரின் மூக்குக்கண்ணாடிகூட இருந்தது. ஆனால் மற்றவர்கள் சுகமான பிறகு நாள் குறிப்பார்கள். இவர் நாளை முதலில் குறித்துவிட்டுச் சுகத்துக்குக் காத்திருந்தார்.

கிளினிக்குக்கு அவர் ஒரு நாளும் போகவில்லை. வேலை இருக்கும். மோட்டார் சைக்கிளைக் கொடுத்து என்னை அனுப்புவார். மனைவி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருப்பார். ஒவ்வொரு கிழமையும் காலை இன்னும் கொஞ்சம் வெளியே திருப்பி மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு கட்டு. பிறகு குதிநரம்பில் ஒரு சின்ன வெட்டு, மூன்று கிழமைக்குக் கடைசிக் கட்டு. அது கழன்றபோது பாதம் எல்லாப் பாதத்தையும் போல வானத்தைப் பார்த்துக் கிடந்தது. தாய் அதை மூக்கோடு வைத்து மணந்தார்.

அப்போதுதான் கம்பிச் சப்பாத்து வந்தது. கொடுத்தவர் கிளினிக்கில் இருந்த, கண்ணாடி போட்ட, சிரிக்கத் தெரியாத ஒரு மிஸ்.

"முதல் மூண்டு மாசமும் குளிக்க வாக்கிற நேரம் மட்டும்தான் கழட்டலாம். மறுகா ராவைக்கும் பகல் நித்திரைக்கும் போட்டாக் காணும். நாலு வயசு வரைக்கும்."

"நாலு மாசமா மிஸ்?" என்றார் தாய்.

"வயசு."

"கால் நேராயிட்டே மிஸ்."

"நேராத்தான் இரிக்கும். அதுதான் வில்லங்கம். நேரா இரிக்கெண்டுதான் எல்லாரும் கழட்டுறாங்க. பிள்ளை வளருற நேரம் கால் பழைய பக்கத்துக்குப் போகத்தான் பாக்கும். கழட்டினா கிறுகிரும். மறுகா என்னட்டத்தான் அழுதுகொண்டு வருவீங்க." பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, "சப்பாத்துச் சின்னதாப் போனா இதக் கொண்டந்து தந்திட்டுப் பெரிச எடுங்க. இது இன்னொரு பிள்ளைக்குப் போகும். துலைச்சுப்போட்டு வந்து நிக்கக் கூடா."

வீட்டுக்கு வந்து மேசனிடம் நாலு வருடம் என்று சொன்னோம். அவர் தலையாட்டினார். வருகிற கோடைக்கு மழை பெய்யும் என்று சொன்னால் எப்படித் தலையாட்டுவாரோ அப்படி.

முதல் சில இரவுகள் பிள்ளை அழுதது. காலை உதறினால் இரண்டு காலும் சேர்ந்து எழும்பி, கம்பி கட்டிலில் அடிக்கும். அண்டை வீட்டுக்காரி வேலிக்கு மேலால், "பிள்ளைக்கு விலங்கு போட்டு வச்சிரிக்கீங்களேகா, பாவமில்லையா?" என்றாள். தாய் விடவில்லை: "விலங்குதான். உங்கட மகனுக்கும் ஒண்டு வாங்கித் தரட்டா? வீடு தங்குவான்." மேசனுக்கு அந்த அழுகை தாங்காது. முற்றத்துக்குப் போய், ஏற்கெனவே அரித்து வைத்திருந்த மணலை மறுபடி அரித்துக்கொண்டிருப்பார். அழுகை நிற்கும் வரைக்கும் அரிப்பார். அந்த மாதங்களில் எங்கள் மணல் மாவு போல இருந்தது. அவரை நான் கிண்டல் செய்தாலும், மணல் அரித்ததை மறக்கவில்லை.

ஒரு கிழமையில் பிள்ளை பழகிவிட்டது. பழகாதவர் அவர் மட்டும்தான்.

திருநாள் நெருங்கியது. அந்த வருடம் கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டிக்கொண்டிருந்தோம். கோயில் சபைத் தலைவர் ஒரு கடை முதலாளி. தட்டு போட்டுப் பதினோராம் நாள் வந்து முட்டு மரங்களுக்கு நடுவில் நின்றார். இன்னும் மூன்று நாளில் திருநாள். அன்னதானத்துக்கு அந்த இடம் வேண்டும்.

"மேசன், இறுகிட்டுத்தானே? தட்டிப் பாருங்க, கல்லு மாதிரி இரிக்கி."

"மேல கல்லு. உள்ளுக்கு என்ன இரிக்கி எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியா. அதுக்குத்தான் இருபத்தொரு நாள்."

"மாதாட திருநாள் மேசன்."

"மாதாவே இறங்கி வந்து கேட்டாலும் இருபத்தொரு நாள்."

அப்படியே நடந்தது. பதினான்காம் நாள் திருநாள். சனம் முட்டு மரங்களுக்கு இடையில், காட்டுக்குள் ஒளிந்த ஆட்கள் போலக் குந்தியிருந்து சாப்பிட்டது. கறி வாளியோடு வந்தவர்கள் மரத்தில் முட்டிக்கொண்டார்கள். முதலாளியின் மருமகனின் நெற்றி வீங்கியது. மேசன் கையில் சோற்றோடு ஒவ்வொரு மரமாக அசைத்துப் பார்த்துக்கொண்டு திரிந்தார்.

அந்த மனிதர்தான், அன்று காலைப் பூசை முடிந்ததும், பத்து மாதப் பிள்ளையின் கம்பிச் சப்பாத்தைத் தட்டில் வைத்து மாதாவிடம் கொடுத்தவர்.

ஆசீர்வாதத்துக்குத்தான் கொண்டுபோகிறார் என்று மனைவி நினைத்திருந்தார். ஃபாதர் நாலு நல்ல வார்த்தை சொன்னார். கைதட்டினார்கள். முதலாளி சப்பாத்தைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பைச் சேட்டுப் பைக்குள் போட்டார். மேசன் பிள்ளையைத் தோளில் தூக்கி நேரான காலை எல்லோருக்கும் காட்டினார். ஏலம் போடுகிறவர் மீனைக் காட்டுவது போல.

மண்டபத்து மரங்களுக்கு நடுவில், சாப்பாட்டு நேரத்தில் மனைவி கேட்டார்: "எப்ப திருப்பித் தருவாங்க?"

"மாதாவுக்குக் குடுத்தத ஆரும் திருப்பிக் கேப்பாங்களா?"

"ராவைக்குப் பிள்ளைக்கு?"

"கால் நேராயிட்டுகா. கண்ணால பாக்கிறாய்தானே. காணும்."

மனைவி அவரை விட்டுவிட்டு முதலாளியிடம் போனார். நெற்றி வீங்கிய மருமகன் பக்கத்தில் நின்றான். முதலாளிக்கு இப்படி ஒரு சந்தர்ப்பம் கேட்டாலும் கிடைக்காது. "தங்கச்சி, கண்ணாடிக்குள்ள நல்ல வடிவா இரிக்கி. இருபத்தொரு நாள் இரிக்கட்டும்" என்றார். இருபத்திரண்டாம் நாள் மனைவி மறுபடி போனார். நாங்கள் மண்டபத்துப் பலகையையே கழற்றி அப்போது இரண்டு கிழமை ஆகியிருந்தது. "மாதாட சாமான்ல கை வைக்க நான் ஆரு?" என்றார் முதலாளி. ஃபாதரும் மாற்றலாகிப் போயிருந்தார்.

வேறொரு சோடி எடுக்கலாம் என்று மனைவி சொல்லிப் பார்த்தார். மேசன் ஒத்துக்கொள்ளவில்லை. புதுச் சப்பாத்துப் போட்டால் கால் சுகமாகவில்லை என்று ஆகிவிடும். சுகமாகிவிட்டது என்று மாதாவுக்கு முன்னால் சொன்ன வாய் பொய் வாயாகிவிடும். பழையது இல்லாமல் அந்தக் கண்ணாடி மிஸ்ஸிடம் போகவும் மனைவிக்குப் பயம். கோயிலுக்குக் கொடுத்துவிட்டோம் என்று எந்த முகத்தோடு சொல்வது? அவர் பயந்த ஒரே ஆள் அந்த மிஸ்தான்.

ஆகவே நான் மாற்று வழி செய்தேன். ஒரு பலகைத் துண்டில் இரண்டு சின்னச் சப்பாத்துகளை ஆணி அடித்துக் கொடுத்தேன். பிள்ளை அதைக் கழற்ற இரண்டு நாளில் கற்றுக்கொண்டது. பலகை விசயத்தில் அது அப்பனைப் போல இல்லை.

திருநாளுக்கு மறுநாள் மேசன் குசினி வாசலில் ஒரு படி கட்டி, ஈரச் சிமெந்தில் பிள்ளையின் வலது பாதத்தை அழுத்தி எடுத்திருந்தார். பக்கத்தில் ஆணியால் திகதி. வீட்டுக்கு யார் வந்தாலும் முன்வாசலால் விடமாட்டார். குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் அந்தப் படியைக் காட்டுவார். நேரான பாதம். ஐந்து விரலும் தெளிவாக, கோயிலைப் பார்த்தபடி. சிமெந்தைப் பற்றியும் சொல்வார்: தன் கையால் குழைத்த சிமெந்து வெடிக்காது, சுருங்காது, பேரப்பிள்ளைகள் வந்து பார்த்தாலும் அப்படியே இருக்கும்.

எட்டு மாதம் போனது. பிள்ளை நடந்தது. முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு பிள்ளையின் வலது செருப்பு மட்டும் வெளி ஓரத்தில் தேய்ந்தது. அண்டை வீட்டுக்காரி அது நடைப் பழக்கம் என்றாள். அவள் எப்போதும் அறிந்து சொல்பவள். குளித்துவிட்டு ஓடிவந்த பிள்ளையின் ஈரக்கால் அடையாளத்தைத் தரையில் பார்த்தேன். இடது கால் முழுதாக இருந்தது. வலது பக்கம் பிறைபோல ஓர் ஓரம் மட்டும். நான் பார்த்ததைத் தாயும் பார்த்தார். தண்ணீர் காய்ந்தது.

களுதாவளைக்கு நான் நடந்த நாளின் காலையில் நடந்தது இது. மேசன் குசினி வாசலில் குந்தியிருந்து றொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கிணற்றடியில் வாளி கழுவிக்கொண்டு நின்றேன். மனைவி பிள்ளையைத் தூக்கிவந்து படியில் இறக்கினார்.

"பாருங்க."

வலது காலை எடுத்து அந்தச் சிமெந்துத் தடத்துக்குள் வைத்தார். குதி தன் இடத்தில் உட்கார்ந்தது. விரல்கள் உட்காரவில்லை. பாதம் தடத்தின் கரையை ஏறிக் கடந்து, உள்பக்கமாக, மற்றக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிள்ளைக்கு அது விளையாட்டு. சிரித்தது.

"இன்னொருக்கா வை" என்றார் மேசன்.

மனைவி எடுத்து வைத்தார். அதே இடம்.

மேசன் சம்பல் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, குனிந்து, தடத்துக்குள் விரலை விட்டுச் சுற்றித் தடவினார். பெருவிரல் குழி, சின்ன விரல் குழி, திகதி. நீண்ட நேரம் தடவினார். பிறகு சொன்னார்:

"சிமெந்து சுருங்கியிருக்கும்."

கிணற்றடியில் எனக்கு வாளி கை நழுவியது. அந்த மனிதரின் வாயால் அவருடைய சிமெந்தை அவரே குறை சொல்லி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். நான் வாயை மூடிக்கொண்டு வாளியை எடுத்திருக்கலாம். எனக்கு அது வராது. வந்திருந்தால் நான் இத்தனை வேலையை விட்டிருக்கமாட்டேன்.

"மேசன் அண்ணன்," என்றேன், "மாதா கேட்டாலும் மண்டபத்துப் பலகையக் கழட்ட மாட்டன் எண்டீங்க. அவ கேக்காமலே பிள்ளைட பலகையக் கழட்டிக் குடுத்திட்டீங்களே."

றொட்டித் தட்டு முதலில் வந்தது. பிறகு தேத்தண்ணிக் கோப்பை. "போடா! என்ட வளவுக்குள்ள நிக்காத!" குரல் அவருடையது போல இல்லை. மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே போய் உடுப்பு மடிக்கும் சத்தம் கேட்டது. களுதாவளையில் மனைவியின் அக்கா வீடு இருந்தது. பிள்ளையையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் படலையைத் தாண்டிப் போய் பஸ்ஸுக்குக் கைகாட்டினார்.

நான் கோயிலுக்குப் போனேன். பகல் நேரம், கதவு திறந்து கிடந்தது, உள்ளே யாரும் இல்லை. அலுமாரியின் பூட்டு நல்ல பூட்டு. கதவின் பிணைச்சல் நான் பொருத்தியது, மண்டபம் கட்டிய காலத்தில், ஒரு ஆணி குறைவாக. கரண்டி நுனியால் நெம்பினேன். மாதா பார்த்துக்கொண்டிருந்தார். நான் சைவக்காரன், என்னை அவருக்குத் தெரிந்திருக்காது என்று நம்பினேன். "கேட்டா மேசன்தான் எடுத்தது எண்டு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

களுதாவளைக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அக்கா வீட்டு மாமரத்துக்குக் கீழே தாயும் பிள்ளையும் இருந்தார்கள். பையைத் திறந்து சப்பாத்தை எடுத்து வைத்தேன். வழி நெடுக இந்த நேரத்தைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். அழுவார், கும்பிடுவார் என்று.

அவர் சப்பாத்தைப் பார்த்தார். பிள்ளையின் காலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். கால் இரண்டு விரல் நீளம் கூடுதலாக இருந்தது. சிரிக்கத் தொடங்கினார். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார்.

"அண்ணன், இதுக்குள்ள இவள்ர கையத்தான் போடலாம். எட்டு மாசமாப் பிள்ளை வளராம இருக்குமா?"

மூன்று மணித்தியாலம் நடந்த என் கால் அப்போதுதான் வலித்தது. போகத் திரும்பினேன்.

"இஞ்ச தாங்க" என்றார். சேலைத் தலைப்பால் சப்பாத்தின் தூசியைத் துடைத்தார். மெழுகுதிரிப் புகை படிந்திருந்தது. கிளினிக் கார்ட் வைத்திருந்த பைக்குள் அதை வைத்து முடிந்தார். "பழையதக் குடுத்தாத்தானே அந்த மிஸ் பெரிசு தருவா. நாளையண்டைக்குக் கிளினிக். திரும்பக் கட்டுப் போடச் சொல்லுவா. ஏசுவா. ஏசட்டும்." பையை மடியில் வைத்துக்கொண்டு, "அவரக் கண்டா ஒண்டு சொல்லுங்க. நான் நாலு வயசெண்டு சொல்லி அவர் கேக்கப்போறல்ல. அவரே வந்து, அந்த மிஸ்ஸுக்கு முன்னால, அவர்ர வாயால நாளச் சொல்லட்டும். சொன்னாத்தான் நான் வீட்ட வருவன்."

எட்டாம் வகுப்பு வரை படித்த எனக்கும் ஒன்றரை வருடமாக விளங்காத மேசனை, அவர் ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து ஒருமுறை மட்டக்களப்பு பஸ்ஸில் மேசனைக் கண்டேன். அப்போது நான் வேறு எங்கோ, வேறு ஏதோ வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மத்தியான வெயில். பிள்ளை அவர் மடியில் நித்திரை. காலில் கம்பிச் சப்பாத்து, பெரிய சைஸ். கம்பி குறுக்கே நீட்டிப் பக்கத்துச் சீற்றுப் பெண்ணின் விலாவில் குத்திக்கொண்டிருந்தது. "பஸ்ஸுக்குள்ளயாவது கழட்டி விடுங்களேன், ஒரு நாள் ஒள்ளம் நேர நித்திரைதானே" என்றாள் அவள். மேசன் முழு பஸ்ஸுக்கும் கேட்கச் சொன்னார்: "நாலு முடிஞ்சு அஞ்சு பிறக்குமட்டும். மாதாவே இறங்கி வந்து கேட்டாலும் அஞ்சு பிறக்குமட்டும்!" ஏதோ அந்த நாளை அவரே கண்டுபிடித்தது போல. பிள்ளை எழும்பவில்லை. அந்தக் குரலுக்கும் அது பழகியிருந்தது. நான் பின்வாசலால் இறங்கினேன். றொட்டித் தட்டு ஞாபகம் இருந்தது.

சப்பாத்தைக் கொடுத்த அன்றைக்கு இரவு களுதாவளைப் பிள்ளையார் கோயில் வெளி மண்டபத்தில் படுத்தேன். விடிந்ததும் ஒரு வெற்றிலைத் தோட்டக்காரரிடம் போனேன். ஒன்பது நாளைக்கு முன் அவருடைய வீட்டுக்கு நாங்கள்தான் தட்டு போட்டோம். அதற்குத் தண்ணீர் அடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு நாள் கிடக்கு. நிப்பியா, இல்ல வழக்கம்போல ஓடிருவியா?"

நிற்பேன் என்றேன்.

குழாயோடு மேலே ஏறிச் சிறிது நேரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மேசன் இறங்கி, முதலில் முட்டு மரத்தைப் பார்த்தார். எட்டு என்று இருந்தது. அழித்து ஒன்பது போட்டார். பிறகு மேலே பார்த்தார். அவர் முகத்தில் இரவு நித்திரை இல்லை. தலைமயிரில் மணல் தூசி இருந்தது.

தட்டு எறிய அவர் கையில் ஒன்றும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, மனைவி சொன்னதை மேலே நின்றபடியே சொன்னேன்.

"எத்தினையாம்?" என்றார்.

"நாலு."

"நாலு தொடங்குமட்டுமா, முடியுமட்டுமா?"

"அது நான் கேக்கயில்ல."

"கேக்காம வந்து சொல்லுறான்." சோக்குத் துண்டைச் சேட்டுப் பைக்குள் போட்டார். "கிளினிக் எண்டைக்கு?"

"நாளைக்கு."

மோட்டார் சைக்கிளை உதைத்தார். போகும்போது தலையைத் திருப்பாமல் சத்தம் போட்டார்: "வடக்கு மூலைக்குத் தண்ணி காணாது!"

குழாயை வடக்கு மூலைக்குத் திருப்பினேன்.